புட்டையும் மீன்கறியையும் விடாமல் எடை குறைக்கும் முறை

இணையவழி உணவுத் திட்டம் ஒன்றுக்குக் காசு கட்டிச் சேர்ந்தேன். 12 கிழமைத் திட்டம். காலையில் ஓட்ஸ், மத்தியானம் புரோக்கலியும் கோழி நெஞ்சு இறைச்சியும், இரவில் கிரேக்கத் தயிர் என்று அட்டவணை வந்தது. மட்டக்களப்பில் புரோக்கலி தேடித் திரியவோ, வீட்டாருக்கு ஒரு சமையல் எனக்கு ஒரு சமையல் என்று இரண்டு தரம் அடுப்பு மூட்டவோ, காலை ஏழு மணிக்குப் பாடசாலைக்கு வெளிக்கிடும் ஒருத்திக்கு நேரம் இல்லை.

ஆனால் அந்தத் திட்டத்தின் ஒழுங்கு நல்ல ஒழுங்கு. நாளுக்கு இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம், மூன்று வேளைச் சாப்பாடு, கிழமைக்கு ஒருதரம் நிறை பார்ப்பது. அந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் நம்முடைய சாப்பாடாக மாற்றினேன். 76 கிலோவில் இருந்து 64 கிலோவுக்கு வந்திருக்கிறேன். எப்படி என்று கேட்டவர்களுக்காக, முதல்முறை தொடங்குபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: முதலில் இரத்தப் பரிசோதனை

வெறும் வயிற்றில் சீனி, கொழுப்பு, தைரொயிட் மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைரொயிட் சுரப்பு குறைந்தவருக்கு மருந்து எடுக்காமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் மனம் சலித்துப்போகும். சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், மருந்தின் அளவை வைத்தியரிடம் கதைக்காமல் சோற்றைக் குறைக்கவே கூடாது. இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் இந்த முறையைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம்.

படி 2: உங்கள் கணக்கு

நிறையை கிலோவில் எடுத்து 10 ஆல் பெருக்குங்கள். உயரத்தை சென்ரிமீற்றரில் எடுத்து 6.25 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5 ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண்ணென்றால் இன்னும் 161 ஐக் கழியுங்கள், ஆணென்றால் 5 ஐக் கூட்டுங்கள். மிஃப்லின் சென் ஜியோர் என்ற இந்தச் சூத்திரம் 1990 இல் வெளிவந்தது.

நான் தொடங்கும்போது 76 கிலோ, உயரம் 156 சென்ரிமீற்றர், வயது 38. கணக்கு 1384 என்று வந்தது. சும்மா படுத்திருந்தாலே உடம்பு ஒரு நாளில் எரிக்கும் கலோரி அளவு அது. நாள் முழுக்க இருந்தே வேலை செய்பவர் அதை 1.2 ஆலும், என்னைப்போல வகுப்பில் நின்று நடந்து வேலை செய்பவர் 1.375 ஆலும் பெருக்க வேண்டும். எனக்கு 1900 அளவில் வந்தது. அதில் 500 ஐக் குறைத்தால் 1400. இதுதான் நாளுக்கான அளவு. இப்படிக் குறைத்தால் கிழமைக்கு அரைக் கிலோ அளவில் இறங்கும். அதைவிட அவசரம் வேண்டாம். பெண்கள் வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் 1200 க்குக் கீழே போகக் கூடாது. வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் உண்டாகும் ஆபத்தும் கூடும்.

புரதம், உங்கள் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்குச் சற்று மேலே இருந்தால் போதும். நம்முடைய ஊரில் அது கஷ்டமே இல்லை. மீன் இருக்கிறது.

படி 3: தேத்தண்ணி

சோற்றில் கை வைக்கும் முன்னம் இதைச் செய்யுங்கள். இரண்டு மேசைக்கரண்டி முழு ஆடைப் பால்மா, இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட ஒரு கோப்பைப் பால் தேத்தண்ணியில் 130 கலோரி அளவில் இருக்கும். காலையில் ஒன்று, இடைவேளையில் ஒன்று, பாடசாலை விட்டு வந்ததும் ஒன்று, பின்னேரம் யாராவது வீட்டுக்குப் போனால் அங்கே ஒன்று. நான்கு கோப்பையில் 500 தாண்டிவிட்டது. படி 2 இல் குறைக்கச் சொன்ன அந்த 500 முழுவதும் இங்கேயே இருக்கிறது.

சீனி போடாத பிளேன் டீக்கு மாறுங்கள். முதல் கிழமை நாக்கு ஏற்காது, சரி. அப்புறம் பழகிவிடும். போன இடத்தில் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்வது நம்முடைய பழக்கம் இல்லை, அப்படிச் சொல்லவும் வேண்டாம். "சீனி போடாமல் வெறும் தேத்தண்ணி தாங்க மாமி" என்று கேட்டால் யாரும் மனம் நோகமாட்டார்கள். சோடா, பழச்சாறுப் போத்தல்களில் 2016 முதல் சீனியின் அளவுக்கு நிறக்குறி போடுகிறார்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. சிவப்புக் குறி உள்ளதை வாங்கவே வேண்டாம்.

படி 4: தேங்காய்ப்பூவை நிறுப்பது

இந்தப் பதிவை எழுதியதே இந்தப் படிக்காகத்தான். எடை குறைய வேண்டுமென்றால் சோற்றைக் குறை என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சோற்றைக் குறைத்தேன், ஆனால் நிறை அசையவில்லை. காரணம் தேங்காய்.

சமைத்த சோறு 100 கிராமில் 130 கலோரி. தேங்காய்ப்பூ, அதாவது துருவிய தேங்காய், 100 கிராமில் 350 கலோரி. கொழுப்பில் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாப்பொருளிலும் புரதத்திலும் 4 தான் என்பதால் வரும் வித்தியாசம் இது. தட்டின் ஓரத்தில் வைக்கும் இரண்டு மேசைக்கரண்டி சம்பலில் 30 கிராம் தேங்காய்ப்பூ இருந்தால் அதுவே 100 கலோரி. ஒரு நாளில் எங்கள் வீட்டில் தேங்காய் எங்கெங்கே போகிறது என்று எழுதிப் பார்த்தேன்: காலைப் புட்டில், சம்பலில், சொதியில், மத்தியானம் மீன்கறிப் பாலில், கீரைச் சுண்டலில், இரவு இடியப்பச் சொதியில். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான். கூட்டினால்தான் அதன் கனம் தெரியும்.

ஆகவே தராசு வாங்குங்கள். ஒரு கிராம் வரை காட்டும், 5 கிலோ வரை தாங்கும் டிஜிட்டல் சமையல் தராசு. கரண்டிக் கணக்கும் கோப்பைக் கணக்கும் எனக்குப் பிடிக்காது. குவித்த கரண்டிக்கும் தட்டிய கரண்டிக்கும் இடையிலேயே ஒரு வேளைச் சம்பல் ஒளிந்துகொள்ளும்.

இனி புட்டை வைத்து முறையைச் சொல்கிறேன், இதையே எல்லாக் கறிக்கும் செய்யலாம்.

வறுத்த சிவப்பரிசி மா 500 கிராம். அரிசி மா 100 கிராமுக்கு 360 என்று வைத்தால் 1800 கலோரி. ஒரு தேங்காயில் துருவியது 200 கிராம், 700 கலோரி. மொத்தம் 2500. உப்புக்கும் தண்ணீருக்கும் கணக்கில்லை. அவித்து இறக்கிய புட்டை முழுவதாக நிறுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கிலோ அளவில் வரும். 2500 ஐ 1000 கிராமுக்குப் பிரித்தால் 100 கிராம் புட்டில் 250 கலோரி. என் காலைச் சாப்பாடு 350 க்குள் இருக்க வேண்டும். 100 கிராம் புட்டும் ஒரு துண்டு மீன் போட்ட கறியும் வைத்தால் அதற்குள் அடங்கிவிடும்.

அடுப்பில் இருந்து இறக்கிய சட்டியை நிறுக்கும்போது சட்டியின் நிறையும் சேர்ந்து வரும். வெறும் சட்டிகளை ஒருநாள் வரிசையாக நிறுத்து, ஒட்டுப் பட்டித் துண்டில் நிறையை எழுதிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். எங்கள் கறிச்சட்டியில் "640" என்று ஒட்டியிருக்கிறது. கறியோடு நிறுத்து 640 ஐக் கழித்தால் முடிந்தது. சூட்டுச் சட்டியை நேரே தராசில் வைக்காமல் கீழே ஒரு மரப் பலகை வையுங்கள், பலகையை வைத்த பிறகு தராசை பூச்சியமாக்குங்கள்.

தேங்காயை அடியோடு விடச் சொல்லவில்லை. நான் செய்த மாற்றங்கள் இவ்வளவுதான். சொதிக்கு முதற்பால் விடுவதில்லை, கொழுப்பின் பெரும்பங்கு முதற்பாலில்தான் இருக்கிறது. முதற்பால் எடுத்த பிறகு தண்ணீர் விட்டுப் பிழியும் கப்பிப்பாலில் பச்சை மிளகாயும் வெந்தயமும் போட்டு, இறக்கித் தேசிக்காய் விட்டால் சுவை குறையாது. மீன்கறி கிழமைக்கு இரண்டு நாள்தான் பால்விட்டு, மற்ற நாட்களில் புளிக்கறி. காத்தான்குடிப் பக்கம் வைக்கும் புளியாணம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் பிரச்சினையே இல்லை. புட்டுக்குப் பாதித் தேங்காய். "தேங்காய்ப்பூ குறைஞ்சா புட்டு தொண்டைக்குள்ள இறங்காது, புள்ள" என்று அம்மா சொன்னா. அவ சொன்னது சரிதான், வறண்டுதான் போனது. முருங்கை இலையைப் பொடியாக அரிந்து மாவோடு பிசறி அவித்த பிறகு ஈரப்பதம் திரும்பி வந்தது. இப்போது வீட்டில் எல்லாரும் அந்தப் புட்டைத்தான் கேட்கிறார்கள்.

படி 5: மத்தியானத் தட்டு

பாதித் தட்டு மரக்கறியும் கீரையும், கால் தட்டு சோறு, கால் தட்டு மீன். சோறு 150 கிராம், 200 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு. வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் எது கிடைத்தாலும் சரி. தேங்காய்ப்பூ ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போகாமல் சுண்டுங்கள். சூரை மீன் 100 கிராமில் புரதம் 20 கிராமைத் தாண்டும், கொழுப்பு மிகக் குறைவு. நெத்தலியும் நல்லது, பொரிக்காமல் தீயலாக வையுங்கள். பொரித்தால் மீனின் கணக்கோடு எண்ணெய்க் கணக்கும் சேரும், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி.

வெள்ளைச் சோற்றை விட்டுச் சிவப்புச் சோற்றுக்கு மாறினால் எடை குறையும் என்று நம்பி அளவில்லாமல் சாப்பிடுகிறார்கள். இரண்டிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். சிவப்பரிசியில் நார் கூட, அதனால் பசி தாங்கும். நல்லதுதான், ஆனால் அதையும் நிறுத்துத்தான் போட வேண்டும்.

இரவுக்கு மத்தியானத்தில் பாதி. அல்லது அவித்த பயறும் ஒரு முட்டையும்.

படி 6: எழுதுவது

கைப்பேசிச் செயலிகள் எனக்குச் சரிவரவில்லை. புட்டு என்று தேடினால் பத்து விதமான எண் வருகிறது, யார் வீட்டுப் புட்டு என்று யாருக்குத் தெரியும்? தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி போதும். முன்பக்கம் நாளாந்தச் சாப்பாடு, பின்பக்கம் நம் வீட்டுக் கறிகளின் 100 கிராம் கணக்கு. ஒரு மாதம் போனால் பின்பக்கத்தைப் பார்த்தே வேலை முடியும்.

நிறையைக் கிழமைக்கு ஒருநாள், ஞாயிறு என்றால் எப்போதும் ஞாயிறு, காலையில் வெறும் வயிற்றோடு பாருங்கள். முதல் கிழமையில் மளமளவென்று இறங்கும், அதில் பெரும்பகுதி தண்ணீர். முதல் நாள் கருவாடு சாப்பிட்டிருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு நிறையைக் கூட்டிக் காட்டும், அது கொழுப்பு இல்லை. தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவால் இடுப்பையும் அளந்து எழுதுங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்குக் கீழே இருக்க வேண்டும். நிறை அசையாத கிழமைகளில்கூட எனக்கு நாடா இறங்கிக் காட்டியது.

படி 7: நடை

1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் ஏறி, களப்புக் காற்றோடு பின்னேரம் நடப்பேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேர வெயில் தாங்காது, அப்போது விடியற்காலை. மார்கழி மழைக்கு வீட்டு விறாந்தையே போதும். ஒரு மணிநேர நடையில் 230, 250 கலோரி அளவில் எரியும். ஒரு பராட்டாவில் அதைவிடக் கூட இருக்கிறது. ஆகவே நடக்கிறேன்தானே என்று சாப்பாட்டைக் கூட்ட வேண்டாம். நடை சீனியையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க உதவும், அதற்காகவே நடக்கலாம்.

பிற்சேர்க்கை

கல்முனையில் இருந்து ஒரு தங்கச்சி, குரக்கன் புட்டுக்கு மாறினால் நிறுக்காமல் விடலாமா என்று கேட்டிருந்தா. விட முடியாது. குரக்கன் மாவிலும் 100 கிராமுக்கு 320 கலோரிக்கு மேல் உண்டு. கல்சியமும் நாரும் கூட என்பதால் நான் கிழமைக்கு இரண்டு நாள் செய்கிறேன், அளவு அதே அளவுதான்.

நோன்பு காலத்தில் எப்படி என்றும் கேட்டிருந்தார்கள். நாளுக்கான மொத்தக் கணக்கு மாறாது, அதை சஹருக்கும் நோன்பு திறந்த பிறகுக்கும் பிரிக்க வேண்டும். கஞ்சிக்கு விடும் தேங்காய்ப்பாலை நிறுப்பதும், பொரித்த பண்டங்களை ஒன்றோடு நிறுத்துவதும்தான் பெரிய வித்தியாசத்தைத் தரும். பேரீச்சம்பழம் மூன்று போதும். சீனி வருத்த மருந்து எடுப்பவர்கள் நோன்பு தொடங்கும் முன்னமே வைத்தியரைச் சந்தித்து மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலருக்கும் வந்த சிக்கல். முதல் சில மாதம் இறங்கிய நிறை அப்புறம் நின்றுவிட்டது என்கிறார்கள். நிறை குறைந்தால் உடம்பு எரிக்கும் அளவும் குறையும். எனக்கு 76 கிலோவில் 1900 வந்த அதே கணக்கு 66 கிலோவில் 1765 தான் வந்தது. 1400 ஐ மாற்றாமல் விட்டிருந்தால் 500 ஆக இருந்த இடைவெளி 365 ஆகச் சுருங்கியிருக்கும். ஒவ்வொரு ஐந்து கிலோ குறைந்ததும் படி 2 க்குத் திரும்பிப் போய் கணக்கை மறுபடி போடுங்கள். நான் 1300 ஆக்கினேன், பின்னேரப் பணிஸை விட்டதில் அந்த 100 வந்துவிட்டது.