ஒட்டுறவைக் காரணமாக எடுத்துக்கொண்டால் எங்கே தவறுகிறோம்?

இரண்டு மாறிகள் (வயது, வருமானம் போல ஆளுக்கு ஆள் மாறும் அளவுகள்) சேர்ந்தே ஏறி இறங்கினால், அவற்றுக்கிடையே ஒட்டுறவு இருக்கிறது என்கிறோம். ஒன்றுதான் மற்றதை ஏற்றி இறக்குகிறது என்பது வேறு பேச்சு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மருத்துவர்கள்கூட வழுக்கி விழுவார்கள்.

மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை எடுத்த பெண்களுக்கு இதயநோய் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் சொல்லிவந்தன. அவை மருந்தைத் தாங்களாகவே எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டவை. அப்புறம் அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் கலந்த மாத்திரையும், மறு சாராருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வந்தது: மருந்து எடுத்தவர்களுக்கு இதயநோய் குறையவில்லை, சற்றுக் கூடவே இருந்தது. முன்பு ஏன் வேறு மாதிரி தெரிந்தது? அந்தச் சிகிச்சையைத் தேடிப் போனவர்களில் பலர் வசதியும் உடல்நலத்தில் அக்கறையும் உள்ளவர்கள். அந்த நன்மை மருந்தின் கணக்கில் ஏறிவிட்டது என்பது முக்கியமான விளக்கம்.

ஆகவே மூன்றாவது மாறி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். 'வயது, வருமானம் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டோம்', அதாவது அவற்றின் பாதிப்பைக் கணக்கில் கழித்துவிட்டோம் என்று ஆய்வு சொன்னாலும் முழுசாக நிம்மதி அடைய வேண்டாம். அளக்காத மாறியை எந்தச் சூத்திரமும் சரிசெய்யாது.

எது காரணம், எது விளைவு என்ற திசையையும் பாருங்கள். உடல் மெலிந்தவர்கள் சீக்கிரம் இறப்பதாகத் தரவு காட்டினால், வெளியே தெரியாத நோய் ஒன்று முன்பே அவர்களை மெலிய வைத்திருக்கலாம்.

ஒட்டுறவின் வலுவைச் சொல்லும் எண்ணான ஒட்டுறவுக் கெழு பூஜ்யம் என்றால் உறவே இல்லை என்பதும் தவறு. -3 முதல் 3 வரையான முழு எண்களையும் அவற்றின் வர்க்கங்களையும் எடுத்துக் கணக்கிடுங்கள், பூஜ்யம்தான் வரும். அந்தக் கெழு நேர்கோட்டு உறவை மட்டுமே அளக்கும்.

சரி, எந்த ஒட்டுறவையும் நம்பவே கூடாதா? எனக்கு அதிகம் கவலை தருவது இந்தத் தவறுதான். எதைக் காட்டினாலும் 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை' என்று தள்ளிவிடுகிறார்கள். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் வெளியிட்டார்கள். புகைதான் காரணம் என்பதைப் பின்னாளில் புள்ளியியல் மேதை ஃபிஷரே ஏற்கவில்லை. புகைக்கத் தூண்டும் பரம்பரைக் குணமே புற்றுநோயையும் தரலாம் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், புகைக்கும் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடியது. பழக்கத்தை விட்டவர்களுக்கு அது குறைந்தது. பரம்பரைக் குணம் மட்டுமே காரணம் என்றால், சிகரெட்டை விட்டபின் ஆபத்து ஏன் குறைய வேண்டும்?