கோத்தகிரியில் இருந்தபடியே ஃப்ரீலான்ஸ்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கோத்தகிரி பஜாரில் "என்னப்பா பண்றே?" என்று கேட்பவரிடம் "டிசைனர்ண்ணா" என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ஃப்ளெக்ஸ் அடிப்பியா?" முதல் ஒரு வருடம் அடித்தேன். காதுகுத்து, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே விலை, 300 ரூபாய். இப்போது டீத்தூள், தேன், மிளகு விற்பவர்களுக்கு பாக்கெட் லேபிள் மட்டும் செய்கிறேன். வீடு ஓடுகிறது. உங்கள் வேலை மொழிபெயர்ப்போ வீடியோ எடிட்டிங்கோ, கீழே சொல்லும் படிகளின் வரிசை பெரிதாக மாறாது.

படி 1: வேலையைச் சுருக்குங்கள்

"எல்லாம் செய்வேன்" என்பவரை யாருக்கும் நினைவிருக்காது. ஒரு வேலையை எடுத்து, அதைக் கொடுப்பவருக்கே தெரியாத விஷயங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு டீத்தூள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) எண், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் முகவரி, சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளி எல்லாம் இருக்கும். எழுத்து எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. முன்பக்கத்தில் மலையும் மேகமும் வரைய ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். பின்பக்கத்தைத் தப்பில்லாமல் செய்யத்தான் ஆள் கிடைப்பதில்லை. எனக்கு வேலை வருவது அந்தப் பின்பக்கத்தால்.

படி 2: மூன்று மாதிரிகள்

வாடிக்கையாளர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கடையில் மூன்று பாக்கெட் வாங்கி, கற்பனைப் பெயர்களில் புதிய லேபிள் செய்து ஒட்டிப் படமெடுங்கள். மூடுபனி இறங்கிய மதியத்தில் ஜன்னல் வெளிச்சமே போதும், ஸ்டுடியோ விளக்கெல்லாம் வேண்டாம். படத்தின் கீழே "மாதிரி" என்று எழுதிவிடுங்கள். செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டினால் இந்தச் சின்ன ஊரில் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

படி 3: விலை

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். பக்கத்துக் கடைக்காரர் வாங்கும் விலையைப் பார்த்து நூறு குறைத்துச் சொல்கிறார்கள். அப்படிச் செய்யாமல் ஒரு தாளை எடுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் 30,000 வேண்டும் என்று வையுங்கள். கம்ப்யூட்டர் பழுது, நெட், மருத்துவச் செலவு, வேலையே வராத மாதம் ஆகியவற்றுக்கு இன்னொரு 10,000. மொத்தம் 40,000. மாதம் 25 நாள் உட்கார்ந்தாலும், காசு வரும் வேலை ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்தான் நடக்கும். மீதி நேரம் போன் பேசுவதிலும் "இந்தப் பச்சை கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்பதிலும் போய்விடும். ஆக 100 மணி நேரம், மணிக்கு 400 ரூபாய். ஒரு லேபிளுக்கு எனக்கு 12 மணி நேரம் ஆகிறது என்றால் 4,800. இதற்குக் கீழே இறங்கினால் என் கைக்காசைப் போட்டு அவருக்கு வேலை செய்கிறேன் என்று அர்த்தம்.

ஆனால் மணிக்கணக்கை வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். "லேபிள் 4,800" என்று மட்டும் சொல்லுங்கள். கை வேகமாகும்போது அந்த லாபம் உங்களுக்கு நிற்கட்டும்.

படி 4: எழுத்தில் வாங்குங்கள்

தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் ஒரு கம்பெனிக்கு ஆறு லேபிள் முடித்து, திறந்து திருத்தக்கூடிய ஃபைல்களையும் அனுப்பிவிட்டேன். பணம் வரவில்லை. நான் செய்த லேபிளோடு பாக்கெட் மட்டும் கடையில் தொங்கியது. அன்றிலிருந்து வேலை தொடங்கும் முன் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புகிறேன்:

"அண்ணா, ஒரு லேபிள், முன்னும் பின்னும். 4,800 ரூபாய். பாதி அட்வான்ஸ் வந்ததும் ஆரம்பிக்கிறேன். இரண்டு முறை திருத்தம் இதிலேயே அடக்கம், மூன்றாவதிலிருந்து 500. மீதிப் பணம் வந்த பிறகு பிரஸ்ஸுக்கு ஃபைல். சரின்னா 'சரி'ன்னு ஒரு பதில் போடுங்க."

அந்த "சரி" வரும்வரை கம்ப்யூட்டரை ஆன் செய்வதில்லை.

படி 5: காகித வேலை

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதாரும் பானும் வைத்துப் பதிவு செய்யுங்கள். கட்டணம் கிடையாது, காசு கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறுந்தொழிலுக்கு வேலை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். பில்லின் கீழே உத்யம் எண்ணைப் போட்டாலே சிலருக்குப் பணம் கொடுக்கும் ஞாபகம் வரும். கம்பெனிகள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (நமக்குத் தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்தால் பதற வேண்டாம், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும்.

படி 6: மழைக்கும் சீசனுக்கும் தகுந்தபடி

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலேயே மழை பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு அக்டோபரிலிருந்துதான் கனமழை. மரம் விழுந்தால் கரண்டும் போகும், மேட்டுப்பாளையம் ரோடும் அடைபடும். அதனால் அந்த மாதங்களில் எந்தத் தேதி சொன்னாலும் இரண்டு நாள் கூட்டியே சொல்கிறேன். இன்வெர்ட்டரும், இரு வேறு கம்பெனி சிம்மும் வேண்டும்.

ஹோம்ஸ்டேக்காரர்களை ஏப்ரல், மே மாதங்களில் தொந்தரவு செய்யாதீர்கள். ஜனவரியில் போய்ப் பாருங்கள், டீ கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார்கள். குன்னூர் ஏலத்தில் தூள் விலை சரிந்தால் பேக்டரிக்காரர் முதலில் வெட்டுவது நம் செலவைத்தான். டீயை மட்டும் நம்பாமல் தேன், மிளகு பக்கமும் நான் போனது அப்படித்தான்.

படி 7: மூன்று மாதம் கழித்து ஒரு போன்

"அக்கா, பாக்கெட் எப்படிப் போகுது? ஈரத்தில் லேபிள் உரியுதா?" இவ்வளவு கேட்டால் போதும். வேலை கேட்காதீர்கள். போன மாதம் ஒரு தேன்காரம்மா, "உரியலைப்பா, ஆனா அரைக்கிலோ பாட்டிலுக்கு இது சின்னதாத் தெரியுது" என்றார். கொட்டேஷன் அன்றே அனுப்பினேன்.