வளையின் வாயை மட்டும் அடைக்காதீர்கள்

மண் அணையின் சரிவில் ஒரு வளையைப் பார்த்ததும் கை தானாகக் கல்லையும் கான்கிரீட்டையும் தேடும். பெரிய தவறு அந்த அவசரம்தான். வாய் அடைபடும், உள்ளே ஓடும் சுரங்கம் அப்படியே கிடக்கும். உள்ளே விலங்கு இருந்தால் மூச்சுமுட்டிச் சாகும், இல்லையென்றால் பக்கவாட்டில் தோண்டி வெளியேறும். ஒரு வளை இரண்டாகும். போதாக்குறைக்கு, கான்கிரீட் மண்ணோடு சேர்ந்து அமிழாது. இரண்டுக்கும் நடுவே விழும் மெல்லிய இடுக்கே தண்ணீருக்குப் போதும்.

"எலி வளைதானே" என்று விட்டுவிடுவதும் ஆபத்து. 2008 ஜூனில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வின்ஃபீல்டு அருகே வெள்ளத்தடுப்புக் கரை உடைந்ததற்கு மஸ்க்ராட் என்னும் நீரெலியின் வளைகளே காரணம். 2014 ஜனவரியில் இத்தாலியின் மோதேனா அருகே செக்கியா ஆற்றங்கரை உடைந்தபோதும் ஆய்வாளர்களின் விரல் விலங்கு வளைகளையே சுட்டியது. அணையிலும் நடப்பது இதுதான்: தண்ணீர் ஊடுருவிக் கடக்க வேண்டிய மண்ணின் தூரத்தை வளை குறைத்துவிடுகிறது. கசிவு வேகமெடுத்து, மண்ணையும் இழுத்துக்கொண்டு போகிறது.

அடுத்த தவறு, காய்ந்த பக்கத்தை மட்டும் பார்ப்பது. மஸ்க்ராட் பெரும்பாலும் நீர்ப்பக்கத்தில், நீர்மட்டத்துக்கு 15 முதல் 45 செ.மீ. கீழே வாசல் வைக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் நாட்களில் கரையோரமாக நடந்து பாருங்கள்; மேலே மண் உள்வாங்கியிருந்தால் கீழே ஒரு கூடு இடிந்திருக்கலாம்.

இனி, குடியிருப்பது யார் என்று தெரியாமல் கைவைப்பது. கைவிடப்பட்ட வளையில் பாம்போ ஆமையோ குடியேறியிருக்கலாம். வாயில் நாலைந்து குச்சிகளை லேசாகக் குறுக்கே வையுங்கள், முன்னால் மணலைப் பரப்பி விடுங்கள். சில இரவுகளில் கால்தடம் பேசும். கேமரா வைத்தால் இன்னும் நல்லது. குட்டி போடும் பருவமானால், அணைக்கு உடனடி ஆபத்து இல்லாதவரை காத்திருங்கள். தாயை விரட்டினால் குட்டிகள் உள்ளேயே செத்துப்போகும். சட்டத்தையும் பாருங்கள்: பிரிட்டனில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேட்ஜர் என்னும் வளைதோண்டி விலங்கின் வளையை உரிமம் இல்லாமல் சிதைப்பது குற்றம். உரிமம் பெற்றவர்கள் வெளியே மட்டும் திறக்கும் கதவை வாயில் பொருத்துகிறார்கள். விலங்கு தானாக வெளியேறும், திரும்பி நுழைய முடியாது. விஷமும் புகையும் இந்த வேலையைச் செய்யாது. வேண்டாத உயிர்களையும் கொல்லும், சுரங்கமோ அப்படியே இருக்கும், அடுத்த விலங்கு வாடகையில்லாமல் குடிவரும். பிடித்துத் தொலைதூரத்தில் விடுவதும் கருணை போலத் தெரியும். பழக்கமில்லாத இடத்தில் பல பிழைப்பதில்லை.

வளை காலி என்று உறுதியானபின் நிரப்பலாம். சிறிய வளைக்கு எளிய முறை உண்டு. வாயில் ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் கசியாதபடி மண்ணால் அணைத்து, 90 பங்கு மண்ணும் 10 பங்கு சிமெண்டும் கலந்த நீர்த்த குழம்பை, குழாய் நிறையும்வரை ஊற்ற வேண்டும். பிறகு குழாயை எடுத்துவிட்டு வாயில் உலர்ந்த மண்ணை இடித்து இறுக்க வேண்டும். ஆழமாகவோ கிளைவிட்டோ போன வளைக்கு இது போதாது. பொறியாளர் மேற்பார்வையில் தோண்டி, அணையில் உள்ளது போன்ற மண்ணையே மெல்லிய அடுக்குகளாகப் போட்டு இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் கொட்டி மேலே மிதிப்பது பழுதுபார்ப்பு ஆகாது.

காய்ந்த பக்கத்தில் கலங்கிய நீர் வந்தால் கதையே வேறு. அந்த இடத்தைக் களிமண்ணால் அடைக்கவே அடைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி, வேறு பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். நீர் வெளியேறலாம், மண் வெளியேறக் கூடாது. அதனால் மணலும் அதன்மேல் சரளையும் வடிகட்டியாகப் பரப்பி, உடனே பொறியாளரை அழையுங்கள். பயத்தில் தண்ணீரை மளமளவென்று இறக்குவதும் கூடாது. ஊறிப்போன நீர்ப்பக்கச் சரிவு தாங்கல் இழந்து சரியலாம். எவ்வளவு வேகத்தில் இறக்குவது என்பது அவர் முடிவு.

பழுது முடிந்தபின் புதரை வளரவிட்டால் எல்லாம் வீண். மறைவிடம் இருந்தால் விலங்கு திரும்பி வரும், வளையும் கண்ணில் படாது. பறவைகள் கூடுகட்டும் காலத்தைத் தவிர்த்துப் புதரை அகற்றி, புல்லைக் குட்டையாக வையுங்கள். நீர்ப்பக்கத்தில் வடிகட்டி அடுக்கின்மேல் கல் பதித்தால் அங்கே தோண்டுவது கடினமாகும். விலங்கு வேறு கரையைத் தேடிக்கொள்ளும்.