கையடக்க விழித்திரைக் கேமரா: வடிவமைப்பாளர்கள் சறுக்கும் இடங்கள்

விழித்திரையைப் படமெடுக்கும் கையடக்கக் கேமராவை உருவாக்கக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது நல்ல சென்சாரைத்தான். 48 மெகாபிக்சலா, 64 மெகாபிக்சலா என்று விவாதம் நடக்கும். தவறு அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. இந்தக் கருவியின் கடைசி லென்ஸ் நாம் கடையில் வாங்குவதல்ல. நோயாளியின் கண்ணில் இருப்பது. அதை மாற்றவும் முடியாது, துடைக்கவும் முடியாது. ஆகவே கண்பாவையிலிருந்து தொடங்கி சென்சாரை நோக்கி வடிவமைக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 45 பாகைப் பார்வைக்களம் என்பது விழித்திரையில் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் அகலம். இவ்வகைக் கேமராக்களுக்கான ஐ.எஸ்.ஓ. 10940 தரநிலை, 30 பாகைக்கு மேற்பட்ட களத்தில், படத்தின் மையத்தில் மில்லிமீட்டருக்கு 60 கோட்டு இணைகள் (ஒரு கறுப்புக் கோடும் அதை அடுத்த வெள்ளைக் கோடும் சேர்ந்தது ஓர் இணை) பிரிந்து தெரிய வேண்டும் என்கிறது. ஓர் இணைக்கு இரண்டு பிக்சல் என்றால் குறுக்கே 1,560 பிக்சல். வண்ண சென்சாரில் ஏற்படும் இழப்புக்காக அதை இரட்டிப்பாக்கினாலும் 10 மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் போடும் பணம் வீண். போதாததற்கு, பிக்சல் சிறுக்கச் சிறுக்க ஒவ்வொன்றிலும் விழும் ஒளியும் குறைகிறது.

விழித்திரையிலிருந்து திரும்பி வரும் ஒளியோ ஏற்கெனவே சொற்பம். கண்ணின் முன்புறத் தெளிபடலமான கார்னியா தன்மேல் விழும் ஒளியில் இரண்டு சதவீதத்தைப் பிரதிபலிக்கிறது. கேட்கச் சிறிதாகத் தோன்றும். ஆனால் விழித்திரையில் பட்டு, சிதறி, கண்பாவை வழியே தப்பி வந்து சென்சாரைச் சேரும் ஒளி அதைவிட மிகமிகக் குறைவு. ஒளி செல்லும் வழியும் பார்க்கும் வழியும் கார்னியாவிலும் கண்பாவையிலும் ஒன்றின்மேல் ஒன்று படியக் கூடாது என்பது, 1911இல் நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் கண் மருத்துவர் ஆல்வர் குல்ஸ்ட்ராண்ட் வகுத்த விதி. மேசைக் கேமராக்கள் ஒளியை வளையமாகச் செலுத்தி, நடுவில் உள்ள துளை வழியே பார்ப்பது இதனால்தான். கருவியைச் சுருக்கும்போது முதலில் பலியாவது இந்த இடைவெளிதான். பெட்டி அழகாகச் சிறுத்துவிடும். படத்தின் நடுவில் வெள்ளைத் திட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதன் பிறகு இரண்டு குறுக்குவழிகளை முயல்வார்கள். ஒன்று, குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு வடிகட்டிகள். கார்னியாவின் பளபளப்பு குறையும், உண்மை. ஆனால் விழித்திரை ஒளியிலும் பெரும்பகுதி போய்விடும். கார்னியாவுக்கே இரட்டை ஒளிவிலகல் தன்மை உண்டு என்பதால், சில கண்களில் மிச்ச ஒளி சிலுவை வடிவில் எட்டிப்பார்க்கும். மற்றொன்று, மென்பொருளால் திட்டை அழித்துவிடலாம் என்ற நம்பிக்கை. முழுதாக வெளுத்துப்போன பிக்சலில் எந்தத் தகவலும் இல்லை. அதை மென்பொருள் நிரப்பினால், அங்கே ஒரு ரத்தக்கசிவு இருந்திருந்தாலும் தெரியாமல் போகும். பழைய மேசைக் கேமராக்களில் முன்லென்ஸின் எதிரொளியை மறைக்க, ஒளியூட்டும் பாதையில் ஒரு சிறு கறுப்புப் புள்ளியை வைத்தார்கள். அந்த எளிய உத்தி இன்றும் செல்லும்.

அடுத்த தவறு, யாரை வைத்துச் சோதிப்பது என்பதில். ஆய்வகத்தில் கையில் கிடைப்பவர்கள் இருபத்தைந்து வயதுக்காரர்கள். இருட்டில் அவர்களுடைய கண்பாவை தாராளமாக விரியும். கருவி போய்ச்சேருவதோ நெடுநாள் சர்க்கரை நோய் உள்ள அறுபது வயதுக்காரரிடம். வயது கண்பாவையைச் சுருக்குகிறது. சர்க்கரை நோய் தன்னியக்க நரம்புகளைப் பாதித்து மேலும் சுருக்குகிறது. கண்புரை ஒளியைச் சிதறடிக்கிறது. சொட்டு மருந்து இல்லாமலே வேலை செய்யும் கருவி என்று விளம்பரம் செய்யுமுன் இவர்களிடம் சோதித்தாக வேண்டும்.

வெள்ளொளியை எரியவிட்டபடியே குறிபார்க்கும் கருவிகளுக்கும் இதே கதிதான். கண்பாவை சுருங்கிவிடும். அகச்சிவப்பு ஒளியில் குறிபார்த்து, கணநேர மின்னலில் (ஃபிளாஷில்) படமெடுப்பதே முறை. கண்பாவை எதிர்வினையாற்ற ஏறத்தாழ 0.2 நொடி ஆகும், அதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 850 நானோமீட்டர் அகச்சிவப்பில் கூர்மையாகத் தெரியும் விழித்திரை, பச்சை ஒளியில் ஏறக்குறைய ஒரு டையாப்டர் (லென்ஸ் திறனின் அலகு) விலகி மங்கும். அந்த வித்தியாசத்தை ஃபோகஸ் நிரலில் சேர்க்காவிட்டால், திரையில் தெளிவாகத் தெரிந்தது படத்தில் குழம்பி நிற்கும். பழி கை நடுக்கத்தின்மீது விழும். இன்னொன்று: ஒரு கண்ணில் மின்னல் அடித்தால் மறு கண்ணின் பாவையும் சுருங்கும். படமெடுத்த கையோடு ‘அடுத்த கண்’ என்று திரையில் காட்டும் மென்பொருள், இரண்டாவது படத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறது.

படம் இருண்டால் ஒளியைக் கூட்டு என்பது ஆகக் கடைசியில் செய்ய வேண்டியது. வெள்ளை எல்.இ.டி. விளக்குகளின் ஒளியில் 450 நானோமீட்டர் அருகே நீல உச்சம் உண்டு. அதுவே விழித்திரைக்கு வேதிப் பாதிப்பு ஏற்படுத்தும் பகுதி. அந்தப் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும். கண் கருவிகளின் ஒளிப் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 15004-2 வரம்பை ஒரு மின்னலுக்கு மட்டும் கணக்கிட்டால் போதாது. படம் சரியாக வரும்வரை ஊழியர் எத்தனை முறை பொத்தானை அழுத்துவார் என்பதையும் சேர்க்க வேண்டும்.

அவ்வளவு கவனித்தும், கருவி வேலை செய்யும் அறையை மறந்துவிடுவார்கள். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் மருத்துவமனைகளின் படங்களையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட, சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் செயற்கை நுண்ணறிவைத் தாய்லாந்து மருத்துவ நிலையங்களில் நடைமுறைப்படுத்திப் பார்த்தபோது, முதல் ஆறு மாதங்களில் வந்த 1,838 படங்களில் 21 சதவீதம் தரம் போதாமல் தள்ளுபடியாயின. இருட்டாக்க முடியாத அறைகள் ஒரு முக்கியக் காரணம். கையடக்கக் கருவிக்கு இது இன்னும் பெரிய சிக்கல். அது போகும் இடம் பள்ளி வராந்தாவாகவும் இருக்கலாம். கண்ணைச் சுற்றிப் பொருந்தும் ரப்பர் கிண்ணம் வெளிச்சத்தையும் தடுக்கும், கையையும் நிலைநிறுத்தும். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு அதை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பக்கத்தில் அக்ரிலிக் பாகம் இருந்தால் சில மாதங்களில் நுண்விரிசல் விழும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கைபேசிக் கேமராவின் தானியங்கி வண்ணச் சமநிலையை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் சிவப்பு வெளுத்துப் போகும். ஒவ்வொரு படத்திலும் பார்வை நரம்பு வட்டு வேறு நிறத்தில் தெரியும். வெளிறியிருக்கிறதா என்று மருத்துவரால் சொல்ல முடியாது.

மேசைக் கேமரா, அடிப்பீடம் நகர்வதை வைத்து எந்தக் கண் என்று அறிந்துகொள்ளும். கையடக்கக் கருவிக்கு அந்த வசதி இல்லை. லென்ஸ் அமைப்பு சென்சாரில் தலைகீழாகப் பதிக்கும் படத்தை 180 பாகை சுழற்ற வேண்டும். நிரல் எழுதுபவர் மேல்கீழாக மட்டும் புரட்டிவிட்டால் கண்ணாடிப் பிம்பம் கிடைக்கும்: விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவுக்கு வலப்புறம் நரம்பு வட்டு தெரிய வேண்டிய வலக் கண், இடக் கண்ணாகப் பதிவாகிவிடும். வட்டங்களும் கட்டங்களும் வரைந்த சோதனை அட்டையில் இது அகப்படாது. மாதிரிக் கண்ணின் பின்சுவரில் ‘க’ என்று எழுதி ஒட்டிப் படமெடுங்கள்; சரியாக வாசிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு மென்பொருளை வெளியிடுங்கள்.