புற்றுநோய்த் தடுப்பு ஆய்வுகளின் போக்கையும் தாக்கத்தையும் அளப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

ஒரு துறையில் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளிவருகின்றன, அவற்றுள் எவற்றை மற்ற ஆய்வாளர்கள் எடுத்தாளுகின்றனர், எவை மருத்துவமனையின் நடைமுறையை மாற்றுகின்றன என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். முதல் இரண்டுக்கும் கணினி சில நிமிடங்களில் விடை சொல்லிவிடும். மூன்றாவதற்கு நாம்தான் உட்கார்ந்து தேட வேண்டும். புற்றுநோய்த் தடுப்பைப் பொறுத்தவரை அந்த மூன்றாவது கேள்விக்கே மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. ஆனால் முதல் இரண்டையும் முறையாகச் செய்து முடிக்காமல் அதற்குள் இறங்க முடியாது. முதுகலை மாணவர்களும் செவிலியர்களும் பொதுச் சுகாதாரத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களும் கட்டணமில்லாத கருவிகளை மட்டும் கொண்டு செய்து பார்க்கும் வகையில் இந்த விளக்கத்தை எழுதியிருக்கிறேன்.

படி 1: தலைப்பைச் சுருக்குங்கள்

"புற்றுநோய்த் தடுப்பு" என்று தேடினால் புகையிலை ஒழிப்பு, உணவுமுறை, தடுப்பூசி, மார்பகப் பரிசோதனை எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்து நிற்கும். அந்தக் குவியலிலிருந்து எந்தப் போக்கையும் படிக்க முடியாது. ஒரு நோய், ஒரு தடுப்பு வழி என்று வரையறுத்துக்கொள்வதே நல்லது. இங்கே எடுத்துக்காட்டாகக் கருப்பைவாய்ப் புற்றுநோயையும், அதை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனைகளையும் எடுத்துக்கொள்கிறேன். இந்நோய்க்கு ஹெச்.பி.வி. (மனித பாப்பிலோமா) வைரஸே காரணம் என்பதை நிறுவியதற்காக ஹரால்ட் ட்சூர் ஹாவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி 2006-இல் புழக்கத்துக்கு வந்தது. 2030-க்குள் எட்ட வேண்டிய இலக்கை உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்தது: 15 வயதுக்குள் 90 விழுக்காடு சிறுமியருக்குத் தடுப்பூசி, 70 விழுக்காடு பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. இப்படி ஆண்டுக் குறிகள் தெளிவாக உள்ள தலைப்பில் வரைபடத்தின் ஏற்ற இறக்கங்களுக்குக் காரணம் கண்டுபிடிப்பது எளிது.

படி 2: பப்மெட்டில் தேடுங்கள்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் தரவுத்தளம் அனைவருக்கும் இலவசம். முகப்பிலுள்ள தேடல் பெட்டியில் மனம்போன சொற்களை இடாமல், "மெஷ் டேட்டாபேஸ்" என்ற இணைப்புக்குச் செல்லுங்கள். ஒரே பொருளைக் குறிக்கும் பல சொற்களை ஒரு தலைப்பின்கீழ் கட்டி வைத்திருக்கும் சொல்லடைவு அது. அங்கே "யூட்டரைன் செர்விக்கல் நியோபிளாசம்ஸ்" என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, திறக்கும் பக்கத்தில் "பிரிவென்ஷன் அண்ட் கன்ட்ரோல்" என்ற உட்தலைப்பைக் குறியிட்டு, தேடல் பெட்டியில் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். ஒரு கட்டுரைக்கு மெஷ் சொற்கள் இடப்படுவது பப்மெட்டில் அது ஏறிய பிறகுதான் என்பதால், மிக அண்மைக் கட்டுரைகள் தப்பாமலிருக்கத் தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் சாதாரணச் சொற்களை "ஆர்" என்ற இணைப்புச் சொல்லால் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படி 3: ஆண்டுவாரி வரைபடத்தை ஐயத்துடன் படியுங்கள்

முடிவுகளின் இடப்பக்கத்தில் ஆண்டுவாரியாகப் பட்டைகள் தெரியும். அதையொட்டியுள்ள பதிவிறக்கப் பொத்தானை அழுத்தினால் எண்ணிக்கை முழுவதும் எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாக இறங்கும். பட்டைகள் உயர்ந்துகொண்டே போவதைக் கண்டவுடன் "இத்துறை வேகமாக வளர்கிறது" என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். பப்மெட் முழுவதுமே ஆண்டுதோறும் வீங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது ஓராண்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் சேர்கின்றன. ஆகவே ஒவ்வோர் ஆண்டுக்கும் உங்கள் தலைப்பின் எண்ணிக்கையை அந்த ஆண்டின் மொத்தப் பதிவுகளால் வகுத்து, ஒரு இலட்சத்துக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். அந்த விகிதம் உயர்ந்தால்தான் அது வளர்ச்சி.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு கட்டுரை இணையத்தில் 2019 டிசம்பரிலும் அச்சில் 2020 மார்ச்சிலும் வந்திருந்தால், பப்மெட்டின் இந்தப் பட்டை வரைபடம் அதை இரண்டு ஆண்டுகளிலும் எண்ணும். எனவே பட்டைகளின் கூட்டுத்தொகை, மேலே காட்டப்படும் மொத்த முடிவுகளைவிட அதிகமாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். நடப்பாண்டின் பட்டையை மட்டும் வரைபடத்திலிருந்து நீக்கிவிடுங்கள். முடியாத ஆண்டைச் சேர்த்தால் துறையே சரிந்துவிட்டதுபோல் தோன்றும்.

படி 4: சொல்வரைபடம் வரையுங்கள்

எண்ணிக்கை ஏறியது தெரிந்தது. ஆய்வாளர்கள் எதைப் பற்றி எழுதினார்கள் என்பது தெரிய வேண்டாமா? இதற்கு நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் நீஸ் யான் வான் எக், லூடோ வால்ட்மன் இருவரும் உருவாக்கிய வோஸ்வியூவர் என்ற இலவச மென்பொருள் போதும். பப்மெட்டில் "சேவ்" பொத்தானை அழுத்தி, "பப்மெட்" வடிவத்தைத் தேர்ந்து கோப்பைச் சேமியுங்கள். ஒரு தடவைக்கு 10,000 பதிவுகள்தாம் கிடைக்கும். அதற்கு மேல் இருந்தால் ஆண்டுகளாகப் பிரித்து இறக்கிக்கொள்ளுங்கள். வோஸ்வியூவரில் "கிரியேட்" என்பதை அழுத்தி, நூலியல் தரவிலிருந்து வரைபடம் என்ற வழியைத் தேர்ந்து, கோப்பைக் கொடுத்து, சொற்களின் உடன்நிகழ்வு (ஒரே கட்டுரையில் சேர்ந்து வருதல்), மெஷ் சொற்கள் என்று குறிப்பிடுங்கள்.

முதல் முறை வரும் படம் பெரும்பாலும் பயனற்றதாகவே இருக்கும். நடுவில் "ஹியூமன்ஸ்", "ஃபீமேல்", "அடல்ட்" என்ற மூன்று பெரிய வட்டங்கள் உட்கார்ந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் மறைக்கும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க் கட்டுரைகளில் பெண் என்ற சொல் வருவதில் என்ன செய்தி இருக்கிறது? சொற்பட்டியலைச் சரிபார்க்கும் கடைசித் திரையில் இத்தகைய பொதுச் சொற்களின் குறியை எடுத்துவிட்டு மறுபடி வரையுங்கள். பின்னர் "ஓவர்லே" காட்சிக்கு மாறினால், பழைய சொற்கள் நீலமாகவும் அண்மைக் காலச் சொற்கள் மஞ்சளாகவும் தெரியும். கருப்பைவாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் எந்த நிறத்தில், தடுப்பூசி எந்த நிறத்தில், பெண் தானே மாதிரி எடுத்துக்கொள்ளும் முறை எந்த நிறத்தில் என்று பாருங்கள். பப்மெட் கோப்பில் மேற்கோள் விவரம் இருப்பதில்லை. ஆகவே யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்ற வரைபடத்தை இக்கோப்பிலிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

படி 5: இம்பாக்ட் ஃபேக்டரை அதன் இடத்தில் வையுங்கள்

ஓர் இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள்கள் கிடைக்கின்றன என்று காட்ட, அமெரிக்கத் தகவலியல் அறிஞர் யூஜின் கார்ஃபீல்ட் வகுத்த இந்த அளவு ஆய்விதழுக்கு உரியது. தனிக் கட்டுரைக்கு உரியதன்று. 2023-ஆம் ஆண்டின் எண் வேண்டுமென்றால், அந்த இதழ் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு 2023-இல் கிடைத்த மேற்கோள்களை, அவ்விரு ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள், மறுஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, ஓரிரு கட்டுரைகளே ஒட்டுமொத்த எண்ணையும் தூக்கிவிடும். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் வெளியிடும் "சி.ஏ." இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2020-ஆம் ஆண்டுக்கு 500-ஐத் தாண்டியது. அதில் வரும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரைகளை, உலகில் எந்தப் புற்றுநோய் பற்றி எழுதுபவரும் முதல் வரியிலேயே மேற்கோள் காட்டுவதுதான் காரணம். அதே இதழில் வெளிவந்த மற்றொரு கட்டுரைக்கு அந்த 500-இல் பங்கு எதுவுமில்லை.

இரண்டாவது சிக்கல் தடுப்புத் துறைக்கே உரியது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஹெச்.பி.வி. தொற்று புற்றாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. தடுப்பூசி 2006-இல் வந்தது. அது ஊடுருவும் புற்றுநோயையே குறைக்கிறது என்பதை ஏறத்தாழ 17 இலட்சம் சிறுமியர், பெண்களின் பதிவுகளைக் கொண்டு சுவீடன் ஆய்வாளர்கள் காட்டியது 2020-இல்தான். 17 வயதுக்குள் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் நோய் 88 விழுக்காடு குறைந்திருந்தது. விளைவு தெரியவே பதினான்கு ஆண்டுகள் எடுக்கும் துறையை இரண்டாண்டுச் சாளரம் வழியாகப் பார்ப்பது எப்படிப் பொருந்தும்? ஆய்வாளரையும் ஆய்வையும் இதழின் எண்ணைக் கொண்டு மதிப்பிடக்கூடாது என்று ஆய்வு மதிப்பீடு பற்றி 2013-இல் வெளியான சான்பிரான்சிஸ்கோ அறிக்கையும் வலியுறுத்துகிறது. ஆனாலும் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இந்த எண்ணைக் கேட்கும் வழக்கம் பல இடங்களில் போகவில்லை.

படி 6: தனிக் கட்டுரையின் மேற்கோள்களைப் பாருங்கள்

கூகுள் ஸ்காலர் காட்டும் எண்ணிக்கையில் ஆய்வேடு, கருத்தரங்கக் கட்டுரை, மதிப்பீட்டுக்கு முன்பே வெளியாகும் முன்பதிப்பு எல்லாம் சேரும்; ஆகவே அது பப்மெட் காட்டுவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்களின் ஐசைட் என்ற இலவசத் தளத்தில் பப்மெட் எண்ணை இட்டால், துறைக்கு ஏற்பச் சரிசெய்த மேற்கோள் ஒப்பீட்டு விகிதம் கிடைக்கும். அதில் 1 என்பது அந்நிறுவனங்களின் நிதியில் வந்த கட்டுரைகளின் நடுத்தர நிலை. மருத்துவ ஆய்வுகளும் வழிகாட்டு நெறிமுறைகளும் அக்கட்டுரையை எடுத்தாண்டனவா என்பதற்கும் அங்கே தனி நெடுவரிசை உண்டு. முதலில் அதையே பாருங்கள்.

மேற்கோள் அதிகம் என்றால் மருந்து பலித்தது என்று பொருளாகாது. கேரட் போன்றவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்து புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கை 1980-களில் மிக வலுவாக இருந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994-இல் வெளியானபோது, அம்மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்விலும் நோய் கூடியதால், அதைத் திட்டமிட்ட காலத்துக்கு முன்பே 1996-இல் நிறுத்த நேர்ந்தது. இரண்டுமே இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுகள். "இதைக் கொடுக்காதீர்கள்" என்று சொன்னதே அவற்றின் தாக்கம்.

படி 7: கட்டுரையிலிருந்து கொள்கை வரை தடம் பிடியுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நமக்கு மிக அருகிலுள்ள சான்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவ சமூகச் சுகாதார மையம், கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி, சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை சேர்ந்து, 2000-இல் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் ஓர் ஆய்வைத் தொடங்கின. மாவட்டத்தின் 114 ஊர்த்தொகுதிகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் திட்டு உண்டா என்று கண்ணால் பார்த்தனர். விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. முடிவும் அப்போதே தெரிந்துவிடும். 2007-இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த பாதியில் புதிய நோயாளிகள் 25 விழுக்காடும் இறப்புகள் 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

இத்துடன் நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அங்கே ஹெச்.பி.வி. பரிசோதனை ஒரே ஒரு சுற்றில் இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆனால் அதே அசெட்டிக் அமிலப் பரிசோதனையால் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை. இரண்டு நல்ல ஆய்வுகள், இரண்டு விடைகள். கண்ணால் பார்க்கும் பரிசோதனை, பார்ப்பவரின் பயிற்சியையும் தொடர் கண்காணிப்பையும் பொறுத்தே நிற்கும் என்பதை மனத்தில் வைத்து இவ்விரண்டையும் அருகருகே படிக்க வேண்டும்.

இனி வழிகாட்டு நெறிமுறைகளைத் திறந்து, அவற்றின் மேற்கோள் பட்டியலில் உங்கள் கட்டுரையைத் தேடுங்கள். இந்திய அரசு 2016-இல் வெளியிட்ட செயல்பாட்டுக் கட்டமைப்பு, 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு அசெட்டிக் அமிலப் பரிசோதனையையே பரிந்துரைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் ஹெச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையை முதன்மை முறையாக முன்வைத்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எந்த ஆய்வு, எத்தனை ஆண்டு இடைவெளி என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பரிசோதனை வழங்கப்படாத ஒப்பீட்டுக் குழு இருந்தது சரிதானா என்று இந்த இந்திய ஆய்வுகளைச் சுற்றி எழுந்த அறநெறி விவாதக் கட்டுரைகளும் மேற்கோள் எண்ணிக்கைக்குள் வரும். அவற்றைத் தனியே குறித்து வையுங்கள்.

படி 8: பின்வாங்கப்பட்டவற்றைக் களையுங்கள்

பட்டியலிலுள்ள ஒவ்வொரு கட்டுரையையும் பப்மெட்டில் திறந்து, மேலே சிவப்பு எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள். பிழை அல்லது முறைகேடு காரணமாக வெளியான பின் பின்வாங்கப்பட்டவை அப்படிக் குறிக்கப்பட்டிருக்கும். இத்தகைய கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தையும் இலவசமாகத் தேடலாம். பப்மெட்டில் இருப்பதாலேயே ஓர் இதழ் தரமானது என்று கொள்ளவும் கூடாது. இதழைத் தெரிந்தெடுத்துச் சேர்க்கும், பப்மெட்டின் உட்பகுதியான மெட்லைனில் அது இடம்பெற்றுள்ளதா என்று தனியே சரிபார்க்க வேண்டும்.

எக்செல் கோப்பின் முதல் தாளில், பயன்படுத்திய தேடல் சரத்தை (பெட்டியில் இட்ட முழுத் தேடல் சொற்களை) ஓர் எழுத்து மாறாமல் ஒட்டி, தேடிய தேதியையும் அன்று கிடைத்த மொத்த எண்ணிக்கையையும் எழுதிவையுங்கள். பப்மெட் நாள்தோறும் மாறுவதால், இந்த மூன்று விவரங்களும் இல்லாவிட்டால் உங்கள் வரைபடத்தை வேறு எவராலும் சரிபார்க்க முடியாது.