உறவுக் கணக்கு: படம் முதலில், முறை கடைசியில்

தமிழ்நாடு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். திறனறிவுக்கு அதில் 25 தான். அதற்குள் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்கும் ரத்த உறவுக் கேள்வி ஒன்றோ இரண்டோ வந்தால் உண்டு. இதற்குப் போய் இவ்வளவு மெனக்கெடணுமா என்று எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் யாராவது கேட்காமல் இருந்ததில்லை. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். கட்-ஆஃப் ஓரத்தில் அந்த ஒன்றரைக்குள் எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்பார்கள் என்பது ரேங்க் லிஸ்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரயில்வே, எஸ்எஸ்சி என்று மத்திய அரசுத் தேர்வு எழுதுபவர்களுக்குத் தப்பான விடைக்கு மார்க் வேறு குறையும்.

நான் சொல்லித் தருவது ஒரே ஒரு பழக்கம். கேள்வியைப் படமாக வரைந்து முடிக்கும்வரை சித்தப்பா, அத்தை, கொழுந்தன் என்று எந்த முறையும் மனதுக்குள் வரக்கூடாது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் வெறும் எழுத்து. கணவன் மனைவிக்கு நடுவே இரட்டைக் கோடு, கூடப் பிறந்தவர்களுக்கு ஒற்றைக் கோடு, பிள்ளைகள் ஒரு படி கீழே. அவ்வளவுதான். கலர் கலராக நோட்டில் வரைந்து பழகுபவர்கள் தேர்வறையில் திணறுகிறார்கள். ரஃப் ஒர்க் பக்கத்தில் கோணல்மாணலாக வரையப் பழகுங்கள்.

போட்டோவைக் காட்டிப் பேசும் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கவிதா சொல்கிறாள்: "இவர் என் அம்மாவின் அப்பாவுடைய ஒரே மகளின் கணவருக்குத் தங்கை." முழுசாகப் படித்தால் தலை சுற்றும். 'என்'னில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சுருக்குங்கள். அம்மாவின் அப்பாவுக்கு ஒரே மகள் என்றால் அது அம்மாவேதான். அம்மாவின் கணவர் அப்பா. அப்பாவின் தங்கை அத்தை. தமிழில் வாக்கியம் நமக்குத் தோதாக முன்னாலிருந்தே ஓடும். ஆங்கிலத்தில் படித்தால் பின்னாலிருந்து வரவேண்டும்.

'ஒரே' என்ற சொல் வந்தால் அடிக்கோடு போடுங்கள். "என் அம்மாவின் ஒரே மகள்" என்று ஒரு பெண் சொன்னால் அது அவளே. ஆண் சொன்னால் அவன் சகோதரி. "தாத்தாவின் ஒரே மகன்" இன்னும் வில்லங்கம்: அப்பாவைப் பெற்ற தாத்தா என்றால் அப்பா, அம்மாவைப் பெற்ற தாத்தா என்றால் தாய்மாமா. எந்தப் பக்கத்துத் தாத்தா என்று சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம் குறியீட்டுக் கேள்வி. A + B என்றால் A, B-யின் தந்தை. A − B என்றால் A, B-யின் மனைவி. A × B என்றால் A, B-யின் சகோதரன். இப்போது P − Q + R × S. P, S-க்கு என்ன உறவு? படம்கூட வேண்டாம், தலைமுறையை மட்டும் எண்ணுங்கள். மனைவி 0, தந்தை 1, சகோதரன் 0. கூட்டினால் 1, அதாவது P ஒரு தலைமுறை மேலே. விடைகளில் பாட்டி, தாய், சகோதரி, மகள் என்று இருந்தால் தாய் மட்டும்தான் மிஞ்சும். எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

அதே கேள்வியைத் திருப்பி, S, P-க்கு என்ன உறவு என்பார்கள். R ஆண் என்பதால் S-ஐயும் மகன் ஆக்கிவிடுவார்கள் நம்ம பிள்ளைகள். S ஆணா பெண்ணா என்று கேள்வி எங்கேயும் சொல்லவில்லை. 'தீர்மானிக்க முடியாது' என்பதுதான் விடை. வரிசையில் கடைசி எழுத்து ஆணா பெண்ணா என்பதற்குப் பெரும்பாலும் ஆதாரம் இருக்காது.

நம் வீட்டு வழக்கத்தைத் தேர்வறைக்குள் கொண்டுபோகாதீர்கள். இங்கே மாமா மகளைக் கட்டியவரும் உண்டு, அக்கா மகளைக் கட்டியவரும் உண்டு. ஒரே ஆள் மாமாவாகவும் மாமனாராகவும் இருப்பார். கேள்வித்தாளில் அப்படிப்பட்ட கல்யாணம் நடக்காது. தமிழில் 'மருமகன்' என்று இருந்தால் மகளின் கணவரா, சகோதரியின் மகனா என்று இடிக்கும். உடனே பக்கத்திலுள்ள ஆங்கில வரியைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று டிஎன்பிஎஸ்சியே சொல்கிறது.

எண்ணிக்கைக் கேள்விகளுக்குப் படம் உதவாது. ஒரு பையனுக்குச் சகோதரர்களும் சகோதரிகளும் சம எண்ணிக்கை. அவன் சகோதரிக்கோ சகோதரிகளைப்போல இரண்டு மடங்கு சகோதரர்கள். பையன்கள் எத்தனை, பெண்கள் எத்தனை? விடைகளைப் போட்டுப் பாருங்கள்: 4 பையன்கள், 3 பெண்கள்.

வங்கித் தேர்வில் எட்டுப் பேர், தொழில், தம்பதிகள் என்று நீளமாக வந்தால் தம்பதிகளை முதலில் வரைந்துவிடுங்கள், தொழிலைக் கடைசியில் ஒட்டலாம்.

டிஎன்பிஎஸ்சி விடைத்தாளில் E என்பது 'விடை தெரியவில்லை'. நான் மேலே சொன்ன 'தீர்மானிக்க முடியாது' என்பது A முதல் D-க்குள் வரும் ஒரு விடை. இரண்டும் ஒன்று என்று நினைத்து E-ஐக் கறுப்பாக்கிவிட்டால் சரியாகப் போட்ட கணக்குக்கு மார்க் கிடைக்காது.