பூட்டை விடுங்க, கதவு நிலையைப் பாருங்க: ஒரு பழைய திருடன் சொல்ற வீட்டுப் பாதுகாப்பு

நான் ஒரு காலத்துல பூட்டின வீட்டைத் திறந்து பொழப்பு நடத்தினவன், தண்டனையெல்லாம் முடிச்சு வெளிய வந்து இப்போ கதவு பூட்டு மாட்டிக் குடுக்கற வேலை பாக்கறேன். எங்க போனாலும் முதல் கேள்வி "அண்ணே எந்தப் பூட்டு நல்ல பூட்டு"ன்னுதான் வருது. பூட்டுக்கு அப்புறம் வர்றேன். திருடன் பூட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி உள்ள ஆள் இருக்கா இல்லையான்னுதான் நோட்டம் விடுவான், ஆள் இருக்கற வீட்டுக்குள்ள கால் வைக்க முக்கால்வாசிப் பேருக்கு தைரியம் கிடையாது.

ஆள் இல்லைன்னு காட்டிக் குடுக்கறது நீங்கதான். பட்டப்பகல்ல வாசல் லைட் எரியும், லெட்டர் பாக்ஸ் பிதுங்கிட்டு நிக்கும், கொடில போட்ட துணி மழைல நனைஞ்சு வெயில்ல காஞ்சு அப்படியே கிடக்கும், கேட்ல பூட்டு வெளிப்பக்கமா தொங்கும். ஊருக்குப் போனா கேட் பூட்டை உள்பக்கமா மாட்டுங்க, வெளிய இருந்து பாத்தா ஆள் இருக்கா இல்லையான்னு தெரியக்கூடாது. ஒரு லைட்டை டைமர்ல போடுங்க, வாசல்ல சேர்றதை எடுத்து வைக்க பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போங்க, ஊர் சுத்தற போட்டோவை ஃபேஸ்புக், வாட்ஸப்ல திரும்பி வந்தப்புறம் போட்டுக்கலாம், ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. வீட்ல தனியா இருக்கும்போது தெரியாத ஆள் காலிங் பெல் அடிச்சா நிறைய பேர் மூச்சு காட்டாம உக்காந்துடறாங்க. அது தப்பு. பெல் அடிக்கறவன் திருடனா இருந்தா அவன் எதிர்பாக்கறதே அந்த அமைதியைத்தான், வீடு காலின்னு முடிவு பண்ணிப் பின்பக்கம் போயிடுவான். கதவைத் திறக்காம உள்ள இருந்தே "யாருங்க"ன்னு சத்தமா குரல் குடுங்க, ஏதோ ஒரு பேரைச் சொல்லி "வீடு மாறி வந்துட்டேன்"னு கிளம்பிடுவான்.

இப்போ பூட்டு. 1851ல லண்டன்ல நடந்த பெரிய கண்காட்சி சமயத்துல ஆல்பிரட் ஹாப்ஸ்னு ஒரு அமெரிக்க பூட்டுக்காரர், யாராலயும் திறக்க முடியாதுன்னு 200 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்து காசு) பரிசு அறிவிச்சிருந்த பிரமா கம்பெனி பூட்டைத் திறந்து காட்டினார். அதுக்கு அவருக்கு 16 நாள்ல மொத்தம் 51 மணி நேரம் ஆச்சு. எந்தத் திருடன் உங்க வாசல்ல 51 மணி நேரம் உக்காருவான் சொல்லுங்க? பூட்டோட நுணுக்கத்தோட அவன் மல்லுக்கட்டறதே இல்ல, அதைப் பிடிச்சிட்டு இருக்கற மரத்தையும் தகட்டையும்தான் பாப்பான்.

அதனால கதவைத் திறந்து வச்சு, பூட்டு நாக்கு போய் விழற தகடு நிலைல, அதாவது கதவைத் தாங்கி நிக்கற மரத்துல, எப்படி மாட்டியிருக்குன்னு பாருங்க. ஒரு ஸ்க்ரூவைக் கழட்டிப் பாத்தா கதை புரிஞ்சிடும், பல வீட்ல 20 மில்லிமீட்டர் கூட இருக்காது, மரத்தோட மேல்தோலை மட்டும் கடிச்சிட்டு நிக்கும். எவ்ளோ காசு போட்டு பூட்டு வாங்கினாலும் கடைசில வீட்டைக் காக்கறது அந்த ரெண்டு குட்டி ஸ்க்ரூதான். 75 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட்டு நிலையைத் தாண்டி பின்னாடி இருக்கற சட்டம் வரைக்கும் இறக்குங்க, பின்னாடி செங்கல்லோ கான்கிரீட்டோ இருந்தா துளை போட்டு ஸ்க்ரூவைப் பிடிக்கற பிளக் வச்சு இறக்குங்க. கதவைப் பூட்டிட்டு பூட்டு உயரத்துல தோளால அழுத்திப் பாருங்க, நிலை ஆடினா முதல்ல தச்சரைக் கூப்பிடுங்க, பூட்டுக்கடைக்கு அப்புறம் போகலாம்.

கொண்டி போட்டு தொங்குபூட்டு மாட்டறவங்க, மூடின கதவுல கொண்டியோட ஸ்க்ரூ தலை வெளிய தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா ஸ்க்ரூ டிரைவர் வச்சிருக்கறவன் பூட்டைத் தொடாமலே உள்ள போயிடுவான். வெளிய உருண்டைத் தலை, உள்ள நட்டு வர்ற மாதிரி போல்ட் போடுங்க. பூட்டோட வளையம் எவ்ளோ வெளிய தெரியுதோ அவ்ளோ வெட்டறதுக்கு வசதி, அதனால பூட்டோட உடம்பே ரெண்டு பக்கமும் தோள் மாதிரி உயர்ந்து வளையத்தை மூடின மாதிரி வர்ற பூட்டா வாங்குங்க. சிலிண்டர் பூட்டுன்னா அந்த சிலிண்டர், அதாவது சாவி நுழையற உருளை, தகட்டுக்கு வெளிய 3 மில்லிமீட்டருக்கு மேல நீட்டிட்டு இருக்கக்கூடாது, பிடிச்சு உடைக்க அதுவே கைப்பிடி ஆயிடும். கீல் வெளிப்பக்கம் இருந்தா பின்னை உருவ முடியாத கீலா மாத்துங்க.

முன்வாசலுக்கு இவ்ளோவும் பண்ணிட்டு பின்கதவுல ஒரு சின்ன தாழ்ப்பாள் மட்டும் வச்சிருப்பாங்க, எனக்கு சிரிப்புதான் வரும். மொட்டைமாடிக் கதவு, பாத்ரூம் வென்டிலேட்டர், தள்ளற ஜன்னல், எல்லாம் வழிதான். வென்டிலேட்டர்ல கண்ணாடிப் பட்டை சும்மா சொருகி வச்சிருந்தா ஒவ்வொண்ணா உருவிடலாம், உள்பக்கமா கம்பி போடுங்க. தள்ளற ஜன்னலுக்கு கீழ் தண்டவாளத்துல அளவா வெட்டின ஒரு கட்டை போதும், ஆனா ஜன்னல் கதவைத் தூக்கிக் கழட்ட முடியுதான்னும் பாத்துக்கங்க. ஏணியை வெளிய போட்டு வைக்காதீங்க. க்ரில் போடறவங்க ஒரு ஜன்னலையாவது உள்ள இருந்து திறக்கற மாதிரி வைங்க, சாவி கிட்டயே இருக்கணும், ஆனா வெளிய இருந்து கைவிட்டா எட்டக்கூடாது. தீப்பிடிச்சா நீங்க வெளிய வரணும்ல.

கேமரா நல்லதுதான், ஆனா கூரை ஓரத்துல மாட்டினா தொப்பிதான் பதியும், மூஞ்சி பதியாது. ஒண்ணாவது முகத்துக்கு நேரா வர்ற மாதிரி வைங்க. கேமரா படத்தைப் பதிஞ்சு வைக்கற டிவிஆர் பெட்டியை டிவிக்குக் கீழ வைக்காதீங்க, அவன் போகும்போது அதையும் தூக்கிட்டுப் போயிடுவான். கம்பெனி குடுத்த பாஸ்வேர்டை அன்னைக்கே மாத்திடுங்க.

உள்ள வந்துட்டா முதல்ல பெட்ரூம் பீரோதான். அதோட சாவி பீரோ மேலயோ மெத்தைக்கு அடிலயோ இருக்கும், அது எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். பூந்தொட்டி, மீட்டர் பாக்ஸ், ஷூவுக்குள்ள, இதெல்லாமும் தெரியும். உதிரிச் சாவியை நம்பிக்கையான ஒரு ஆள்கிட்ட குடுங்க. சின்ன லாக்கர் வாங்கினா தரையிலயோ சுவர்லயோ போல்ட் அடிச்சு முறுக்கிடுங்க, இல்லன்னா பெட்டியோட தூக்கிட்டுப் போய் நிதானமா உடைச்சுக்குவான்.

எப்பவாவது வீட்டுக்கு வரும்போது பூட்டு உடைஞ்சிருந்தா உள்ள போகாதீங்க, அவன் இன்னும் உள்ளயே இருக்கலாம், தள்ளி நின்னு போலீஸுக்கு போன் பண்ணுங்க, அவங்க வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. அவங்க பாத்து முடிச்ச அன்னைக்கே உடைஞ்ச இடத்தை சரி பண்ணிடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க, காணாமப் போன சாவிக்கெல்லாம் பூட்டை மாத்துங்க, ஏன்னா ஒரு தடவை வேலை ஆன வீட்டுக்கு சீக்கிரமே திரும்பி வர்றது இந்தத் தொழில்ல சகஜம், வழியும் தெரியும், எடுக்காம விட்டது என்னன்னும் தெரியும்.